நாகப்பட்டினம் முதல் பினாங்கு வரை: முப்பது நாளும் நான்கு மணியும்



நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே எவ்வளவு தூரம்? இக்கேள்விக்குப் பூகோள பாடம் ஒரே ஒரு விடைதான் சொல்லும். வரலாற்றைக் கேட்டால் அது காலத்துக்கு ஒரு விடை சொல்லும். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கடல்வழியாக வந்தவை. ஆகையால் இந்தத் தூரத்தைக் கணக்காகவும் தெரிந்துகொள்வோம், வரலாறாகவும் தெரிந்துகொள்வோம்.

முதலில் கணக்கு. வீட்டில் பிள்ளைகளின் பூகோளப் படப் புத்தகம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பினாங்கு 100 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஆக, இரண்டுக்கும் இடையே இருபது பாகைக்குச் சற்று அதிகம். பூமத்திய ரேகையின் அருகில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நாகப்பட்டினம் பினாங்கைவிட ஐந்து பாகை வடக்கே இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நேர்கோட்டுத் தூரம் 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மாலுமிகள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அவர்கள் கணக்கில் இது 1,250 முதல் 1,300 கடல் மைல். கப்பல் நிக்கோபார்த் தீவுகளை ஒதுங்கிப் போக வேண்டியிருப்பதால் கொஞ்சம் கூடும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழியாக எத்தனை தூரமோ, அதைப்போல் ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இராஜேந்திர சோழனின் படை வந்தபோதும் இதே தூரம்தான்; நம் பாட்டன்மார் வந்தபோதும் இதே தூரம்தான். ஆனால் அதைக் கடப்பதற்கு ஆன நாள்களும், கடக்க யாருக்கு இசைவு கிடைத்தது என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

இவ்வழியின் பயணக் காலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று சீனாவிலிருந்து வருகிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, இந்தியாவுக்குப் புனிதப் பயணம் சென்ற சீனத் துறவிகளின் வரலாற்றை எழுதி வைத்தார். அவர்களில் வூசிங் என்பவர் ஸ்ரீவிஜயத்திலிருந்து கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு வந்தார். அங்கே காத்திருந்து, குளிர்காலத்தின் முடிவில் கப்பலேறி, மேற்கே முப்பது நாள் பயணம் செய்து நாகப்பட்டினத்தில் இறங்கினார். கெடாவும் நாகப்பட்டினமும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுகின்ற குறிப்பு அது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

முப்பது நாள் என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். இரவும் பகலும் சேர்த்து 720 மணி நேரம். 2,300 கிலோமீட்டரை 720ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் வரும். பால்மரக் காட்டில் நாம் சாதாரணமாக நடக்கிற நடையைவிட மெதுவான வேகம் இது! காற்று நின்றால் பாய்மரக் கப்பலும் நின்றுவிடும். காற்று திசை மாறினால் கப்பல் வளைந்து வளைந்து போக வேண்டும். சராசரி அதனால்தான் இத்தனை குறைவு.

வூசிங் ஏன் குளிர்காலத்தின் முடிவு வரை காத்திருந்தார்? வடகிழக்குப் பருவக்காற்று அப்போதுதான் கப்பலை மேற்கே தள்ளும். அங்கிருந்து இங்கே வருவதற்கு வேறு காற்று வேண்டும். ஏறத்தாழ மே மாதம் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களை இப்பக்கம் கொண்டுவந்தது. ஆகவே பயணம் முப்பது நாளானாலும், வந்தவர் திரும்பிப் போவதற்குப் பல மாதங்கள் தங்கியே ஆகவேண்டும். போக்குவரத்து ஒரு சுற்று முடிய ஓர் ஆண்டு ஆகும். அவ்வாறு காத்திருந்த மாதங்களில்தான் வணிகர்கள் இங்கே கிட்டங்கி கட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள், மணமும் முடித்தார்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று நாம் காணும் கோயில் அடித்தளங்களுக்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நின்று போகவேண்டிய ஊரில்தானே மனிதன் கல்லை அடுக்குவான்?

கடலிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அதன் உச்சி தெரியத் தொடங்கும். முப்பது நாள் நீரையே பார்த்து வந்த கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1006ஆம் ஆண்டளவில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த விகாரத்தை எழுப்பினார். இராஜராஜ சோழன் அதற்கு ஓர் ஊரையே கொடையாக விட்டான். இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1025ஆம் ஆண்டளவில் இராஜேந்திரன் இதே வழியில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். நட்பும் போரும் ஒரே காற்றில் வந்தன. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைத்ததும், சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்தை அடுத்துள்ள நாகூரின் மகானை நினைந்து, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எழுப்பப்பட்ட நினைவிடங்கள் இன்றும் இருக்கின்றன. கடலில் காற்றும் மழையும் வந்தால் அவரை வேண்டிக்கொண்டவர்கள், கரை சேர்ந்ததும் நன்றிக்கடன் செலுத்திய இடங்கள் அவை.

இனி நீராவிக் கப்பலுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் இவ்வழியில் ஓடத் தொடங்கின. காற்றுக்குக் காத்திருக்கும் வேலை அன்றோடு ஒழிந்தது. மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல், 1,300 கடல் மைலை நான்கரை நாளில் கடந்துவிடும். கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 22. சைக்கிளை நன்றாக மிதித்துப் போகிற வேகம். துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து நாள், ஆறு நாள். முப்பது நாள் ஆறு நாளாகியது.

ஆனால் தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கு ஆறு நாளில் பயணம் முடிந்துவிட்டதா? இல்லை. அவர் கங்காணியுடன் தம் ஊரிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்திலோ சென்னைக்கு அருகே ஆவடியிலோ இருந்த முகாமில் முதலில் தங்க வேண்டும். அங்கே மருத்துவச் சோதனை நடக்கும். அம்மை குத்துவார்கள். தாமாகத்தான் வருகிறாரா என்று அதிகாரி விசாரிப்பார். பிறகு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் கிடையாது. கப்பல் கடலில் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், அலை தூக்கும் நேரம் பார்த்துக் கப்பல் ஏணியில் ஏற்றுவார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் அந்த ஏணியில் ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பினாங்கு வந்தாலும் ஊருக்குள் விடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் இருந்த நோய்த்தடுப்பு நிலையத்தில் இறக்குவார்கள். பினாங்குப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது தெற்குப் பக்கம் பார்த்தால் காடு மூடிய ஒரு தீவு தெரியும். அதுதான் ஜெரஜாக். கப்பலில் காலரா, அம்மை கண்டிருந்தால் அங்கே நாள்கள் நீளும். எல்லாம் முடிந்து, ரயிலேறி, மாட்டுவண்டியிலோ லாரியிலோ தோட்டம் வந்து, லயத்தில் ஓர் அறையைப் பிடிக்கும்போது, ஊரை விட்டுப் பல வாரங்கள் ஆகியிருக்கும். கப்பல் எடுத்துக்கொண்டது ஆறு நாள். மனிதன் எடுத்துக்கொண்டது அதைப்போல் பல மடங்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விமானத்தைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, தொழிலாளர்களின் கப்பல் செலவை அந்நிதியிலிருந்து கொடுத்தார்கள். வருவதற்குக் கட்டணம் இல்லை என்றானதால், கடல் இன்னும் சிறிதாயிற்று. திரும்பிப் போக நினைத்தவருக்கு அது அவ்வளவு சிறியதாக இல்லை.

இந்த வழியில் ஓடிய கப்பல்களில் நம் மக்கள் மறக்காத பெயர் ரஜூலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல். தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. பிற்காலத்தில் அத்தொகையை வெகுவாகக் குறைத்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது போய் வந்துகொண்டே இருந்தது. அறை எடுத்துப் போனவர்கள் சிலர். மற்றவர்கள் எல்லாரும் தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் வயதைச் சொல்லும்போதுகூட, ‘ரஜூலாவில் வந்தபோது எனக்கு ஆறு வயது’ என்றுதான் கணக்குத் தொடங்குவார்கள். பிறந்த தேதி தெரியாது. கப்பலின் பெயர் தெரியும்.

இதற்கிடையே இன்னொரு செய்தி. மனிதனுக்கு முன்பே வேறொன்று இந்தக் கடலை வேகமாகக் கடந்துவிட்டது. 1870ஆம் ஆண்டின் இறுதியிலும் 1871இன் தொடக்கத்திலுமாக, சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. அன்று முதல் சென்னையில் தட்டிய செய்தி, கப்பலுக்குப் பல நாள் முன்பாகவே பினாங்கில் கேட்டது. செய்திக்கு ஒரு தூரம், ஆளுக்கு ஒரு தூரம் என்று அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது.

இது நல்லதுதானே என்று கேட்கலாம். வணிகர்களுக்கு நல்லது. ரப்பர் விலை உடனுக்குடன் தெரியும். தோட்டத் தொழிலாளிக்கு என்ன ஆயிற்று? சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தந்தியை ஏழைக் குடும்பம் ஒரே காரியத்துக்குத்தான் அனுப்பும். அதனால்தான் தந்தி வந்திருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதுமே லயத்தில் அழுகைக் குரல் எழுந்துவிடும். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளைக் கிராணி படித்துச் சொல்லும் முன்பே விஷயம் விளங்கிவிடும். தந்தை இறந்தது நேற்று. மகனுக்குத் தெரிவது இன்று. ஆனால் மகன் போய்ச் சேர முடியாது. அடுத்த கப்பல் எப்போது? துரை விடுப்புத் தருவாரா? கப்பல் கட்டணத்துக்குக் கடன் யார் கொடுப்பார்? எல்லாம் கூடிவந்து கப்பலேறினாலும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேருவார். ஆகையால் ஆற்றங்கரையில் தலையை மழித்துக்கொண்டு, உடல் இல்லாமலே இங்கே காரியம் செய்தவர்கள் பலர். கடிதக் காலத்தில் இந்த வேதனை வேறு விதம். செய்தி வரும்போதே பல நாள் ஆகியிருக்கும். பதறுவதற்கு நேரம் இருக்காது. தந்தி வந்தபின்தான், போக முடியாத தூரம் எவ்வளவு என்பது மனிதனுக்கு உறைத்தது.

1941 டிசம்பரில் இந்தத் தூரம் அளக்க முடியாததாகிவிட்டது. 11ஆம் தேதி பினாங்கின்மேல் குண்டு விழுந்தது. 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. கப்பல் இல்லை, தந்தி இல்லை, கடிதம் இல்லை. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வரும்வரை, ஏறத்தாழ மூன்றேமுக்கால் ஆண்டுக் காலம், தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்த குடும்பங்களுக்கு மலாயாவில் இருந்த தங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது. சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டவர்களின் வீடுகளில், அவர்கள் வருவார்கள் என்று விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

போர் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடின. அதற்குள் புதிய தடை வந்துவிட்டது. அது கடலில் இல்லை, காகிதத்தில் இருந்தது. 1938லேயே இந்திய அரசாங்கம் பயிற்சியில்லாத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்திருந்தது. போருக்குப் பின் இங்கும் குடிநுழைவுச் சட்டங்கள் இறுகின. கடவுச்சீட்டு, விசா, மறுநுழைவு அனுமதி என்று ஒவ்வொன்றாக வந்தன. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல ஆயிரம் பேர், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். வந்த வழியிலேயே, அதே கப்பல்களில். பல குடும்பங்களில் தகப்பன் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலும் ஆனார்கள். நீலநிற அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் இடையே இருந்த தூரத்தை எந்தக் கப்பலும் கடக்கவில்லை.

இப்போது வானத்துக்கு வருவோம்.

1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியார் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் விட்டார்கள். 1933இன் இறுதியில் லண்டனிலிருந்து கிளம்பும் இம்பீரியல் ஏர்வேஸ் சேவை சிங்கப்பூர் வரை நீண்டது. அது எந்த வழியாக வந்தது தெரியுமா? கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பிறகு அலோர் ஸ்டார், சிங்கப்பூர். வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்காமல் கரையோரமாகச் சுற்றிக்கொண்டே வந்தது. அக்கால விமானங்கள் சில நூறு மைலுக்கு ஒருமுறை இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் எங்கே இறங்குவது? ஆகவே பாய்மரக் கப்பலே நேராகக் கடந்த கடலை, விமானம் முதலில் கடக்கவில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1935இல் விமான நிலையம் வந்தது. ஆனால் அது நாகப்பட்டினத்தையோ சென்னையையோ நம் மக்களுக்கு நெருக்கமாக்கவில்லை. அந்த விமானங்களில் பறந்தவை தபால் பைகளும், அதிகாரிகளும், பெரும் பணக்காரர்களும்தான்.

1954இல் ஏர் இந்தியா, சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற நான்கு இயந்திர விமானத்தைக் கொண்டு சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. விசிறி சுழலும் விமானம் அது. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,900 கிலோமீட்டருக்கு ஆறு மணிக்குக் குறையாமல் ஆகும். பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. மணிக்கு 850 கிலோமீட்டர். இன்றைக்குச் சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், பயண நேரம் நான்கு மணி. திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே. வூசிங்கின் முப்பது நாளை நினைத்தால், விமானத்தில் பரிமாறும் சோறு ஆறுவதற்குள் அவர் ஒரு வாரம் போன தூரம் போய்விடுகிறோம்.

கப்பலின் காலம் அதோடு முடிந்துவிடவில்லை. டெக் டிக்கெட் மலிவு. பெட்டி எத்தனை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆகவே ஏழை மக்கள் நெடுநாள் கப்பலையே நம்பினார்கள். 1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அது மீண்டும் ஓடவில்லை. 1,300 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வந்து போன வழியில், பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்துடன் நின்றது.

விமானப் பயணத்தில் கடிகாரம் செய்யும் வேடிக்கை ஒன்று உண்டு. என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “சார், விமானம் ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னையில் கிளம்பிக் காலை எட்டரைக்கு இங்கே வருகிறதாம். அப்படியானால் ஆறரை மணி நேரம்தானே? அப்பா நான்கு மணி என்கிறாரே!” இருவர் சொல்வதும் சரிதான். சென்னைக் கடிகாரத்தைவிட நம் கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆறரையில் இரண்டரையைக் கழித்தால் நான்கு. 1982 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு இந்த வேறுபாடு இரண்டு மணிதான். அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிக்கொண்டது. கப்பல் பயணிகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கப்பலில் நாளுக்குக் கொஞ்சமாகக் கடிகாரத்தை நகர்த்தி வைப்பார்கள். கரை சேரும்போது நேரமும் சரியாகிவிடும், உடம்பும் பழகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களைக் கிழக்கே தள்ளியது என்று சொன்னேன் அல்லவா? அதே மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக வீசுகிறது. ஆகவே நம் முன்னோரை இங்கே கொண்டுவந்த அதே பருவத்தில், இங்கு வரும் விமானத்துக்கு எதிர்க்காற்று. அங்கே போகும் விமானத்துக்குத் துணைக்காற்று. சில நிமிட வேறுபாடுதான். ஆனாலும் கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். விமானம் எடுத்துக்கொள்வது நான்கு மணி. மனிதன் எடுத்துக்கொள்வது எவ்வளவு? பேராக்கில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சிப்பாங் விமான நிலையத்துக்குச் சாலையில் மூன்று நான்கு மணி. விமானம் புறப்பட மூன்று மணிக்கு முன்பே போக வேண்டும். பறப்பது நான்கு மணி. குடிநுழைவு, பெட்டி எல்லாம் ஒரு மணி. பிறகு சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ்ஸில் ஏழெட்டு மணி. கூட்டினால் பதினெட்டு முதல் இருபது மணி வருகிறது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள். முப்பது நாளோடு ஒப்பிட்டால் அற்புதம்தான். இறப்புச் செய்தி கேட்டு ஓடுகிறவருக்கு அது இன்னும் போதாது. நம் வழக்கப்படி உடலை அன்றே அல்லது மறுநாளே எடுத்துவிடுகிறோம். கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருந்து, விசாவும் டிக்கெட்டும் உடனே கிடைத்தால்தான் முகம் பார்க்க முடியும். தோட்டத்தில் கடவுச்சீட்டே எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாகப்பட்டினம் அன்றிருந்த தூரத்திலேயே இருக்கிறது.

2020 மார்ச்சில் இரண்டாம் முறையாக இந்த வழி மூடியது. மலேசியாவில் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. சில நாளில் இந்தியா வெளிநாட்டு விமானச் சேவைகளை நிறுத்தியது. வழக்கமான சேவைகள் மீண்டும் தொடங்க 2022 மார்ச் இறுதி ஆயிற்று. நம் எல்லையும் அந்த ஏப்ரலில்தான் முழுவதும் திறந்தது. சிறப்பு விமானங்கள் சில ஓடின. எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் ஆளும் போகவில்லை, செய்தியும் போகவில்லை. இம்முறை செய்தி மட்டும் போயிற்று. தமிழ்நாட்டில் தங்கள் தாய்மாமன், பெரியம்மாள் என்று உறவினரின் இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசியின் சிறு திரையில் பார்த்துக்கொண்டு, இங்கே கூடத்தில் அமர்ந்து அழுத குடும்பங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1871இல் தந்திக் கம்பி தொடங்கி வைத்தது அங்கே வந்து நின்றது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்துபோக இசைவளிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நிறுவனம் நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. 2,370 கிலோமீட்டர் அளவு. நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் ஏறி வங்காள விரிகுடாவை நேராகக் கடந்து, நிக்கோபார்த் தீவுகளைத் தாண்டி, பாயான் லெப்பாஸில் இறங்குகிறது. பகல் பயணமாக இருந்தால், தரையிறங்கும் சமயம் சன்னலோரம் இருப்பவர்கள் கீழே பாருங்கள். இரண்டு பாலங்களுக்கும் நடுவே ஜெரஜாக் தீவு தெரியும்.